ஹார்லிக்ஸ் பாட்டிலில் புளி

எங்கள் வீட்டு ஹார்லிக்ஸ் பாட்டில்களில் ஹார்லிக்ஸ் இருந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒன்றில் கல்லுப்பு, ஒன்றில் வெந்தயம், ஒன்றில் கொட்டை எடுத்த புளி. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான். பிள்ளைகளுக்கு நான் அத்தை, என் அம்மா ஆயா. இந்தச் சம்பவம் நடந்தபோது பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று முடிந்து நான்கு மாதம்.

அன்று மாலை குழம்புக்குப் புளி ஊறவைக்க மேல்தட்டிலிருந்து ஒரு பாட்டிலை இறக்கினேன். அதற்கு முந்தின வாரம்தான் காலியான பாட்டில், லேபிள்கூடக் கிழிக்கவில்லை. சின்னவள் பார்த்துவிட்டாள். "அத்தை, ஹார்லிக்ஸ்! எனக்கு ஹார்லிக்ஸ்!" என்று குதித்தாள். நான் மூடியைத் திறந்து காட்டினேன். உள்ளே கறுப்பாகப் புளி. முகம் வாடிவிட்டது.

"உள்ள என்ன இருக்குன்னு நினைச்ச?" என்று கேட்டேன்.

"புளி."

"இல்லடி, திறக்கறதுக்கு முன்னாடி?"

"புளி."

"ஹார்லிக்ஸ் வேணும்னு குதிச்சியே?"

"இல்ல. நான் புளின்னுதான் சொன்னேன்."

என் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சட்டென்று கோபம் வந்தது. "பொய் சொல்லாத" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது. அவளுக்கு உதடு பிதுங்கியது. ஆயா மடியில் போய் விழுந்து வெகுநேரம் அழுதாள். நடுநடுவே தலையைத் தூக்கி, "நான் புளின்னுதான் சொன்னேன் ஆயா" என்றாள்.

இரவு பாத்திரம் தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் பொய் சொல்லவில்லை. அதைவிட வருத்தம், இது எனக்குத் தெரிந்த விஷயம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வியில் உளவியல் படித்தபோது இதைப் பக்கம் பக்கமாகத் தேர்வில் எழுதியிருக்கிறேன். அந்தப் பாடம் என் அடுக்களைக்குள் ஒரு பாட்டிலோடு வந்து நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

1987-இல் யோசஃப் பெர்னரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஸ்மார்ட்டீஸ் என்று ஒரு மிட்டாய் உண்டு, நம் ஊர் ஜெம்ஸ் மாதிரி. அந்த மிட்டாய்ப் பெட்டியைக் குழந்தையிடம் காட்டி உள்ளே என்ன என்று கேட்பார்கள். மிட்டாய் என்று சொல்லும். திறந்தால் பென்சில். மூடிவிட்டு, வெளியே நிற்கும் உன் நண்பன் இதைப் பார்த்தால் உள்ளே என்ன இருப்பதாகச் சொல்வான் என்று கேட்பார்கள். மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் "பென்சில்" என்பார்கள். அந்த நண்பன் பெட்டிக்குள் பார்க்கவே இல்லை, அவனுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அவர்களுக்கு எழுவதில்லை.

அடுத்த வருடம், 1988-இல், ஆலிசன் கோப்னிக்கும் ஜேனட் ஆஸ்டிங்டனும் இன்னொரு படி போனார்கள். நண்பனை விடு, நீ திறப்பதற்கு முன்னால் என்ன நினைத்தாய் என்று அந்தக் குழந்தையிடமே கேட்டார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் பலர் அதற்கும் "பென்சில்" என்றே சொன்னார்கள். ஒரு நிமிடத்துக்கு முன் தம் வாயாலேயே மிட்டாய் என்றவர்கள்.

மறதி என்று தோன்றும். அதையும் பார்த்தார்கள். பொம்மை வீட்டுக்குள் ஒரு பழத்தைக் காட்டி, அதை எடுத்துவிட்டு வேறு பொருளை வைத்து, முதலில் என்ன இருந்தது என்று கேட்டால் குழந்தைகள் சரியாகச் சொன்னார்கள். பின்னால் கோப்னிக்கும் வர்ஜீனியா ஸ்லாட்டரும் செய்த சோதனைகளில், சற்று முன் ஒரு வெறும் தம்ளரில் என்ன இருப்பதாக விளையாடினோம் என்பதையும் குழந்தைகள் நினைவில் வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும்விட எளிதாக நழுவிப்போனது, தாம் தப்பாக நம்பிய அந்த நம்பிக்கை.

நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். நமக்கு மனசு என்பது உலகத்தைப் பற்றி ஒரு சித்திரம் வைத்திருக்கிற இடம். சித்திரம் தப்பாகவும் இருக்கலாம் என்று நமக்குத் தெரியும். மூன்று வயதுக்காரிக்கு மனசு ஒரு ஜன்னல் மாதிரி. வெளியே என்ன இருக்கிறதோ அதுதான் தெரியும். பாட்டிலில் புளி இருந்தது, அது எப்போதும் புளிதான், ஆகவே ஜன்னல் வழியே பார்த்ததும் புளியாகத்தான் இருக்க வேண்டும். "முன்னாடி என்ன நினைச்ச" என்ற என் கேள்விக்கு அவள் தனக்குத் தெரிந்த முழு உண்மையைச் சொன்னாள். நான் பொய் என்றேன்.

இதனால் குழந்தைகளுக்கு நிஜம் எது, கற்பனை எது என்று தெரியாது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலர் அப்படிச் சொல்கிறார்கள், எனக்கு அதில் கொஞ்சமும் ஒப்புதல் இல்லை. இதே சின்னவள் இரண்டு வயதிலேயே சொப்புச் சாமான் வைத்துக்கொண்டு மணலில் சோறு பொங்குவாள். "அத்தை, சாப்பிடு" என்று நீட்டுவாள். நான் விளையாட்டாக உண்மையிலேயே வாய்க்கருகில் கொண்டுபோனால் பதறிக் கையைத் தட்டிவிடுவாள். "அய்யோ, அது மண்ணு!" மண் எது, சோறு எது என்பதில் அவளுக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

பயம் மட்டும் வேறு கணக்கு. பால் ஹாரிஸும் அவர் குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைகளிடம் ஒரு காலிப் பெட்டியைக் காட்டி, இதற்குள் ஒரு முயல் இருப்பதாகவோ பூதம் இருப்பதாகவோ நினைத்துக்கொள் என்றார்கள். நிஜமா என்று கேட்டால், சும்மா என்று குழந்தைகள் தெளிவாகவே சொன்னார்கள். ஆனால் பூதம் என்று கேட்ட சிலர், என்னைத் தனியே விட்டுப் போகாதீர்கள் என்றார்கள். தனியே விடப்பட்டவர்களில் பலர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்கள், திறந்து பார்த்தார்கள். சோறு ஊட்டும்போது பூச்சாண்டி வருகிறான் என்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். குழந்தைக்குப் பூச்சாண்டி இல்லை என்று தெரிந்திருக்கும். இருட்டில் அந்தத் தெரிதல் அவளுக்குக் கைகொடுக்காது. எங்கள் வீட்டில் அந்தப் பெயரை இப்போது யாரும் எடுப்பதில்லை.

நம் பிள்ளைகள் நிஜத்தையும் கற்பனையையும் பிரிக்க ஒரு சின்னச் சொல்லை வைத்திருக்கிறார்கள். மொட்டைமாடியில் அவர்கள் ஆடும்போது காதுகொடுத்துக் கேளுங்கள். "நான் டீச்சராம், நீ ஸ்டூடண்டாம். உனக்கு ஜுரமாம். நீ ஸ்கூலுக்கு வரலையாம்." ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு 'ஆம்'. இந்த 'ஆம்' பெரியவர்கள் பேச்சில் வேறு வேலை செய்கிறது. "அவர் வந்தாராம்" என்றால் நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்று அர்த்தம். கதை சொல்லும்போதும் அதே 'ஆம்': ஒரே ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தாராம். கேட்டது, கதை, விளையாட்டு. மூன்றும் கண்ணால் கண்ட நிஜத்திலிருந்து ஓரடி தள்ளி நிற்பவை. அந்த ஓரடியைத் தமிழ் ஒற்றை அசையில் சொல்லிவிடுகிறது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு இந்த மொழிமேல் ஆசை பொங்குகிறது.

எங்கள் ஊர்க் கதையே அதற்கு நல்ல உதாரணம். அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் தள்ள, கல் தெப்பமாக மிதந்து அவர் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர் என்பது இங்கே எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்கிற கதை. அம்மா சொல்லுவாள்: "கல்லைக் கட்டித் தூக்கிப் போட்டாங்களாம். கல்லு மிதந்துச்சாம்." சின்னவள் கேட்டுவிட்டு எழுந்துபோய், குளியலறை வாளியில் ஒரு கூழாங்கல்லைப் போட்டாள். மூழ்கியது. இன்னொன்று. அதுவும் மூழ்கியது. வந்து, "ஆயா, கல்லு மிதக்கல" என்றாள். அம்மா, "நமக்கு மிதக்காதுடா கண்ணு. அவருக்கு மிதந்துச்சாம்" என்றாள். பெரியவன் என்னைப் பார்த்தான். அவனுக்குக் கேள்வி இருந்தது, கேட்கவில்லை. ஆயா அதை நம்புகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆறு வயதில் அது பெரிய விஷயம். தான் நம்புவது வேறு, ஆயா நம்புவது வேறு, இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம் என்று அறிந்த பிள்ளையின் மௌனம் அது.

அப்புறம் 'நினைச்சேன்' என்ற சொல். "நீ தூங்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்று சொன்னால், நீ தூங்கவில்லை என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. சீன மொழியில் 'யீவெய்' என்று தப்பாக நினைத்ததற்கென்றே ஒரு சொல் உண்டு. அந்தச் சொல்லை வைத்துக் கேள்வி கேட்டால் குழந்தைகள் கூடுதலாகச் சரியான விடை சொல்கிறார்கள் என்று கண்டிருக்கிறார்கள். துருக்கி மொழியிலும் அப்படி ஒரு சொல் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளிடம் வெறும் 'நினைச்ச' என்று கேட்டுப் பார்த்து, பிறகு 'நினைச்சுக்கிட்டு இருந்த' என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. நான் அன்று அடுக்களையில் கேட்டது வெறும் 'நினைச்ச'.

இந்தத் துறையின் முதல் பெரிய சோதனையும் ஓர் அடுக்களையில்தான் நடக்கிறது. 1983-இல் ஹைன்ஸ் விம்மரும் பெர்னரும் மாக்ஸி என்ற பையனின் கதையைப் பொம்மைகளை வைத்துக் குழந்தைகளுக்குச் சொன்னார்கள். அவன் சாக்லேட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அம்மா அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைப் பச்சை அலமாரியில் வைத்துவிடுகிறாள். மாக்ஸி திரும்பி வந்தால் எங்கே தேடுவான்? மூன்றிலிருந்து நான்கு வயதுள்ளவர்களில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. நான்கிலிருந்து ஆறு வயதில் 57 சதவீதம், ஆறிலிருந்து ஒன்பதில் 86 சதவீதம். பிறகு கேமரூன் காட்டில் பாகா மக்களின் பிள்ளைகளிடம், கிண்ணத்திலிருந்த மாங்கொட்டைப் பருப்பைப் பானைக்கு மாற்றிவைத்துப் பார்த்தார்கள். 2005-இல் கனடா, இந்தியா, பெரு, சமோவா, தாய்லாந்து என ஐந்து நாடுகளில் ஒரே விதமாகச் செய்தார்கள். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் அந்த ஐந்து இடங்களிலும் இந்தக் கதவு திறந்தது.

சரி, சோதனைகளை விட்டு மணலுக்கு வருகிறேன். எனக்கு இதில் மிகப் பிடித்த பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஞாயிறு மாலை தேவனாம்பட்டினம் போவோம். சில்வர் பீச் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். பிள்ளைகள் அலையில் நனைந்து வந்ததும் ஈரமணலைச் சின்ன வரப்பு மாதிரி ஒரு முழ நீளத்துக்குக் குவிப்பேன். கிச்சுக் கிச்சுத் தாம்பாளம். ஆடாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஒரு சின்னக் குச்சியை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி வரப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மணலுக்குள் விரலை ஓட்டிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்கோ குச்சியை விட்டுவிட்டு, விடாத மாதிரி வெறும் விரலைத் தொடர்ந்து ஓட்ட வேண்டும். எதிராளி இரண்டு கையையும் கோத்து, குச்சி இருக்கும் என்று தோன்றும் இடத்தில் பொத்துவார். தவறினால், அவர் கைநிறைய மணலை வாங்கி, அதில் குச்சியை நட்டு, கண்ணைப் பொத்தி எங்கெங்கோ சுற்றி அழைத்துப்போய்க் கொட்டவைத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். கொட்டிய இடத்தை அவரே கண்டுபிடிக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். எதிராளியின் மனசில் ஒரு தப்பான நம்பிக்கையை விதைப்பதுதான் முழு ஆட்டமும். மாக்ஸி பிறப்பதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்னாலேயே நம் பிள்ளைகள் அதை மணலில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வயதில் சின்னவள் ஆடியதை நான் மறக்க மாட்டேன். பாட்டெல்லாம் சரியாகப் பாடுவாள். விரலும் ஓடும். குச்சியை விட்ட இடம் வந்ததும் நின்றுவிடுவாள். கையை எடுத்து, "இங்க இருக்கு!" என்பாள். முகமெல்லாம் சிரிப்பு. பெரியவன் தலையில் அடித்துக்கொண்டு, "சொல்லக் கூடாதுடி!" என்பான். அவளுக்கு அது விளங்காது. குச்சி அங்கே இருக்கிறது, அவளுக்குத் தெரியும், அண்ணனுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? அண்ணன் பொத்தவேண்டிய முறை வந்தால் இன்னும் அழகு. அவன் தப்பான இடத்தில் பொத்தினால் அவள் அவன் கையை இழுத்துச் சரியான இடத்தில் வைப்பாள்.

மூன்றே முக்கால் வயதில் ஒரு மாலை, அவள் விரல் நின்ற இடம் தாண்டியும் ஓடியது. கடைசிவரை ஓடியது. கையை எடுத்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். ஆனால் கண் மட்டும் குச்சி இருந்த இடத்திலேயே இருந்தது. பெரியவன் அந்தக் கண்ணைப் பார்த்தே பொத்திவிட்டான். அதற்கு ஒரு மாதம் கழித்து, கண்ணையும் வேறு பக்கம் திருப்பக் கற்றுக்கொண்டாள். முதலில் விரலும் வாயும், கடைசியில் கண். நான் படித்த எந்தப் பக்கத்திலும் இந்த வரிசை இவ்வளவு கிட்டத்தில் தெரியவில்லை.

அதே சமயத்தில்தான் பொய்யும் வந்தது. டப்பாவிலிருந்த முந்திரி கேக் ஒன்று குறைந்தது. "நான் சாப்பிடல அத்தை. அதுல இனிப்பு கொஞ்சமாத்தான் இருந்துச்சு" என்றாள். விக்டோரியா தல்வாரும் காங் லீயும் 2002-இல் எழுதியது நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி ஒரு பொம்மையைப் பின்னால் வைத்துவிட்டுப் போனால் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் பார்த்துவிடுகிறார்கள். பார்த்தாயா என்று கேட்டால் மூன்று வயதினரில் ஏறத்தாழ பாதிப் பேர் இல்லை என்கிறார்கள், அதற்கு மேல் பெரும்பாலோர். ஆனால் அடுத்த கேள்வியிலேயே பொம்மையின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். பொய்யைத் தொடர்ந்து காப்பாற்ற, நான் எதை அறியாதவளாக நடிக்கிறேன் என்பதை மனசில் பிடித்துவைத்திருக்க வேண்டும். அது பின்னால்தான் வரும்.

அவள் சேர்ந்த மழலையர் பள்ளியிலிருந்து டைரியில் ஒரு குறிப்பு வந்தது: "பொய் சொல்கிறாள், கண்டிக்கவும்." தம்பி மனைவி கலங்கிப்போனாள். நான் அவளுக்கு இதையெல்லாம் சொன்னேன். பொய் நல்லது என்று சொல்லவில்லை. பொய் வேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் இந்தக் குழந்தை கெட்டுப்போகவில்லை, அடுத்தவருக்குள்ளும் ஒரு மனசு இருக்கிறது என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறாள். அந்த வயதில் பெரிய குற்றவாளியை விசாரிப்பதுபோல விசாரிப்பது எனக்குச் சம்மதமில்லை.

இன்னும் சின்னக் குழந்தைகளுக்கே இது தெரியும் என்கிறவர்களும் உண்டு. 2005-இல் ஓனிஷியும் பையர்ஜானும், பதினைந்து மாதக் குழந்தைகள் எதை அதிக நேரம் உற்றுப் பார்க்கிறார்கள் என்று அளந்து, அடுத்தவரின் தப்பான நம்பிக்கையை அவர்கள் எதிர்பார்ப்பதாகச் சொன்னார்கள். பின்னால் அவ்வகைச் சோதனைகளைத் திரும்பச் செய்தவர்களுக்கு ஒருமுறை கிடைத்தது, ஒருமுறை கிடைக்கவில்லை. வாதம் முடியவில்லை. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது காது கேளாத பிள்ளைகளைப் பற்றிய ஆய்வுகள். சைகை தெரியாத, கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாத பிள்ளைகளில் பெரும்பாலோர் எட்டு வயது தாண்டியும் மாக்ஸி மாதிரிச் சோதனைகளில் தவறினார்கள் என்று 1995-இல் பீட்டர்சனும் சீகலும் கண்டார்கள். பிறந்ததிலிருந்தே வீட்டில் சைகை மொழி பேசும் காது கேளாத பிள்ளைகளுக்கு அந்தத் தாமதம் இல்லை. நிகராகுவாவில் புதிதாகப் பிறந்துகொண்டிருந்த ஒரு சைகை மொழியில், 'நினைக்கிறான்', 'தெரியும்' போன்றவற்றுக்கான சைகைகளைப் பெரியவர்களான பிறகு கற்றுக்கொண்டவர்கள், அப்புறமே இதில் தேறினார்கள் என்று 2009-இல் பையர்ஸும் செங்காஸும் எழுதினார்கள்.

அறிவுக்குக் குறைவில்லை, கண்ணுக்குக் குறைவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் யாரும் "அப்பா ஏன் கோபமா இருக்கார் தெரியுமா? நீ சாப்பிடலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார்" என்று பேசவில்லை, அவ்வளவுதான். இதைப் படித்ததிலிருந்து வீட்டில் நான் பேசும் விதம் மாறியது. காய் நறுக்கும்போதுகூடச் சொல்லிக்கொண்டே நறுக்குகிறேன். "ஆயா மழை வரும்னு நினைச்சுத் துணியை எடுத்துட்டா. எனக்கு வராதுன்னு தோணுது."

சின்னவளுக்கு நான்கரை வயது ஆனபோது நடந்தது இது. தெருவில் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். இவள் சின்னவள் என்பதால் ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் இருப்பாள், ஓடுவாள், கத்துவாள், தொட்டால் அவுட் கிடையாது, பிடிக்கிற முறை வராது. ஒரு வருடத்துக்கு மேல் அப்படி ஆடிக்கொண்டிருந்தாள். தினமும் வியர்த்துப்போய் வந்து, "இன்னைக்கும் நான் அவுட்டே ஆகல" என்று ஆயாவிடம் சொல்லுவாள்.

ஒரு நாள் பாதி ஆட்டத்தில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசவில்லை. கேட்டேன். யாரோ ஒரு பெரிய பெண், "அவளை விடுடா, அவ ஒப்புக்குச் சப்பாணிதான" என்று சொன்னதைக் கேட்டுவிட்டாளாம்.

"அத்தை, நான் நெஜமா ஆடறேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

அவள் வாயில் தன்னைப் பற்றி அந்தச் சொற்களை நான் கேட்டது அதுதான் முதல் முறை. பாட்டில் சோதனையில் அவள் தேறிய நாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. தன் ஒரு வருட ஓட்டத்தையும் திரும்பிப் பார்த்து, எல்லோரும் அறிந்திருந்த ஒன்றைத் தான் மட்டும் அறியாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். மடியில் இழுத்துக்கொண்டேன். ஹார்லிக்ஸ் பாட்டில் விஷயத்துக்கு அன்று மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு அது நினைவில் இல்லை. பெரியவன் தேடிக்கொண்டு வந்து, விஷயம் தெரிந்து, "இன்னையிலேர்ந்து நீயும் அவுட்தான்டி, வா" என்று கூட்டிக்கொண்டு போனான். முதல் நிமிடத்திலேயே அவுட் ஆகி, முதல் தடவையாகப் பிடிக்கிறவளாக நின்றாள்.

போன மாதம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் பையன் ஆட்டத்தில் சேர்ந்தான். இரண்டரை வயது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடுகிறான். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சின்னவள் மூச்சிரைக்க என்னிடம் வந்து, காதருகே குனியச் சொன்னாள்.

"அவன் ஒப்புக்குச் சப்பாணி அத்தை. அவனுக்குத் தெரியாது. நெஜமா ஆடறோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கான். சொல்லிடாத."

சொல்லிவிட்டு ஓடினாள். அவன் துரத்தினான். அவன் கைக்கு எட்டுகிற மாதிரி, கொஞ்சம் மெதுவாகவே ஓடினாள்.